கார் பாலிஷர் வாங்கலாமா? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பெயின்ட்டைப் பாருங்க



கார் வாங்கி ரெண்டு மூணு வருஷம் ஆனா, வெயில்ல பானெட் மேல சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல் தெரிய ஆரம்பிக்கும். டீட்டெய்லிங் ஷாப்ல கேட்டா ஆயிரக்கணக்குல சொல்வாங்க. "அந்தக் காசுக்கு மெஷினையே வாங்கிடலாமே"ன்னு தோணும். தப்பான யோசனை இல்லை. ஆனா எந்த மெஷின், எத்தனை தடவை யூஸ் பண்ணப் போறோம், இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.

எதைத் தேய்க்கிறோம்?

பெயின்ட்டுக்கு மேல கண்ணாடி மாதிரி இருக்கிற லேயர்தான் கிளியர் கோட். பெரும்பாலான கார்கள்ல இதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும். பாலிஷ் பண்ணும்போது கீறல் நிரம்புறதில்லை. அதைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைத்தான் சீவி சமமாக்குறோம். பணம் போட முடியாத, எடுக்க மட்டும் முடியுற அக்கவுன்ட் மாதிரி இது. பேலன்ஸ் தீர்ந்தா அந்த பேனலுக்கு ரீபெயின்ட்தான்.

எந்த மெஷின்?

*ரோட்டரி:* பேடு ஒரே அச்சில் சுத்தும். வேகமா வேலை நடக்கும், சூடும் வேகமா ஏறும். கை பழகாதவங்க டோர் ஓரத்துல ஒரு நொடி அதிகமா வெச்சாலே பெயின்ட் கருகிடலாம். டிரில் மெஷின்ல மாட்டுற பேடும் இதே ரகம்தான். ஆங்கிள் கிரைண்டர் பக்கமே போகாதீங்க, அதோட வேகம் பாலிஷுக்கு ரொம்ப அதிகம்.

*டூயல் ஆக்‌ஷன் (டிஏ):* பேடு சுத்திக்கிட்டே அசையவும் செய்யும். அதிகமா அழுத்தினா சுத்துறது நின்னுடும், அதுவே ஒரு சேஃப்டி. முதல் முறை வாங்குறவங்களுக்கு இதுதான் சரி. "த்ரோ"ன்னு ஒரு அளவு போட்டிருப்பாங்க. வளைவு அதிகமா இருக்கிற சின்ன ஹேட்ச்பேக்குக்கு 8 மி.மீ. போதும். 15, 21 மி.மீ. எல்லாம் பெரிய, தட்டையான பேனல்ல வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

*மலிவு விலை வேக்ஸர்:* 10 இன்ச் துணி கவரோட வர்றது. வேக்ஸ் தடவ உதவும், கீறலை எடுக்காது.

வாங்கும்போது ஸ்பீடு கன்ட்ரோல், 5 இன்ச் பேக்கிங் பிளேட், உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர், கார்பன் பிரஷ் கிடைக்குதா, இதையெல்லாம் பாருங்க. வாட்ஸ் நம்பரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

இப்போ கணக்கு

எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. மெஷின் ₹9,000. பேடு, மைக்ரோஃபைபர் துணி, கிளே பார் ₹3,000. ஆக மொத்த முதலீடு ₹12,000. ஒவ்வொரு தடவையும் காம்பவுண்ட், டேப் செலவு ₹1,000. ஷாப்ல ஒரு தடவைக்கு ₹6,000.

அப்போ ஒவ்வொரு தடவையும் மிச்சம் ₹5,000. 12,000-ஐ 5,000-ஆல வகுத்தா 2.4, அதாவது மூணாவது தடவையிலதான் பிரேக் ஈவன். "அடிக்கடி பண்ணிடுவோம்"னு சொல்ல முடியாது, கிளியர் கோட் தாங்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைன்னு வெச்சா, மூணாவது தடவை வர 4 வருஷம் ஆகும். அதுக்குள்ள காரையே மாத்திடுறவங்க நிறைய பேர்.

இதையே மூணு நண்பர்கள் சேர்ந்து வாங்கினா? ஆளுக்கு ₹4,000, கூட ₹1,000. முதல் தடவையே ஷாப் ரேட்டை விட ₹1,000 கம்மி. அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு இதுதான் நல்ல டீல்.

சிஏ-வா ரெண்டு விஷயம்

ஒண்ணு, சம்பளக்காரங்களுக்கு இதுல டிப்ரிசியேஷனும் கிடையாது, ஜிஎஸ்டி கிரெடிட்டும் கிடையாது. நீங்க 30% ஸ்லாப்ல இருந்தா, செஸ்ஸோட 31.2% வரி. ₹12,000 செலவு பண்ண சுமார் ₹17,440 சம்பாதிக்கணும். ரெண்டு, "நோ காஸ்ட்" இஎம்ஐ-யிலயும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி வரும், பிராசஸிங் ஃபீயும் இருக்கலாம். கையில காசு இருந்தா மட்டும் வாங்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

கீறல் மேல நகத்தை வெச்சு இழுங்க. நகம் மாட்டினா அது ஆழமான கீறல், பாலிஷரால முழுசா போகாது. அப்புறம் கீறல் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. தினமும் காலையில ஒரே அழுக்குத் துணியால பத்து காரைத் துடைச்சா, அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அதை நிறுத்தாம பாலிஷ் பண்றது, கார்டு கடனை அடைச்சுக்கிட்டே அதே கார்டை ஸ்வைப் பண்ற மாதிரி. ரெண்டு பக்கெட், நல்ல ஷாம்பு, நாலு மைக்ரோஃபைபர் துணி, இதுல ஆரம்பிங்க.

ஆறு மாசம் இதை ஃபாலோ பண்ணிட்டும் பாலிஷர் வேணும்னு தோணினா, கூட ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு ஒரு டிஏ வாங்குங்க. பானெட்ல ஓரமா ஒரு சின்ன இடத்துல, மைல்டான பேடு, மைல்டான பாலிஷ் போட்டு டெஸ்ட் பண்ணுங்க. அதுலயே கீறல் போயிடுச்சுன்னா அதோட நிறுத்திடுங்க. கிளியர் கோட்லயும் சேவிங்ஸ் முக்கியம்!