பஞ்சு சேர்ந்தால் ஆபத்து! துணி உலர்த்தும் எந்திரத்தின் கோளாறுகள்

லண்டனில் 18 மாடிக் கட்டிடம் ஒன்று. 2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி, பட்டப்பகலில் அதன் 7-வது மாடியில் தீப்பிடித்தது. மேல் மாடிகளுக்கும் பரவியது. 120 தீயணைப்பு வீரர்கள் போராடி அணைத்தார்கள். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

தீக்குக் காரணம்? ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த துணி உலர்த்தும் எந்திரம்! அந்த வகை எந்திரத்தில், துணியில் இருந்து உதிரும் பஞ்சு சூடான கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று 2015-ம் ஆண்டிலேயே எச்சரிக்கை செய்யப்பட்டு இருந்தது.

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் இந்த எந்திரம் உண்டு. 2008 முதல் 2010 வரை, ஆண்டுக்கு சுமார் 2,900 வீடுகளில் இதனால் தீ விபத்து நடந்தது. சுத்தம் செய்யாமல் விட்டதே முதல் காரணம்.

எந்திரத்துக்குள் ஓர் உருளை ஈரத்துணியைப் புரட்டுகிறது. கம்பிச்சுருள் அல்லது காஸ் நெருப்பு காற்றைச் சூடாக்குகிறது. விசிறி அந்தக் காற்றை ஈரத்தோடு குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. ஆகவே சூடு மட்டும் போதாது. காற்று தடை இல்லாமல் ஓட வேண்டும்.

துணி காயவில்லையா?

ஒரு மணி நேரத்தில் காய்ந்த துணி, இரண்டு மணி ஆகியும் ஈரமாக இருக்கிறதா? காற்றுப் பாதை அடைபட்டு இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில் உள்ள பஞ்சை எடுத்து எறிய வேண்டும். வாசனைக்காகத் துணியோடு போடும் தாளினால் வடிகட்டியில் மெழுகு போல் படியும். அது கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால், சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து மாட்ட வேண்டும்.

வெளிச்சுவரில் குழாய் வாயிலில் இருந்து சூடான காற்று வேகமாக வரவேண்டும். வராவிட்டால் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. உலோகக் குழாயே நல்லது.

சூடு வரவில்லையா?

அமெரிக்க வீடுகளில் இந்த எந்திரத்துக்கு 240 வோல்ட் மின்சாரம் இரண்டு கம்பிகளில் வருகிறது. ஒன்று நின்றுபோனாலும் உருளை சுற்றலாம். ஆனால் சூடு வராது. முதலில் மெயின் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

அதில் குறை இல்லை என்றால் எந்திரத்தின் பியூஸ் போயிருக்கலாம். சூடு அளவு மீறினால் தான் அறுந்து வீட்டைக் காப்பாற்றுவது அதுதான். அது போனதற்குப் பெரும்பாலும் அடைப்பே காரணம். அடைப்பை நீக்காமல் புது பியூஸ் போட்டால் அதுவும் போகும். பியூசை எடுத்துவிட்டுக் கம்பியை நேராக இணைப்பது, வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்!

உருளை சுற்றவில்லையா?

மோட்டார் உறுமுகிறது. உருளை அசையவில்லை. கையால் தள்ளினால் லேசாகச் சுற்றுகிறது. அப்படியானால் பெல்ட் அறுந்துவிட்டது. 'கிறீச்' என்று சத்தம் வந்தால், உருளையைத் தாங்கும் சக்கரங்கள் தேய்ந்து இருக்கலாம். இரண்டையும் புதிதாக மாற்றலாம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே எந்திரத்தில் கை வைக்க வேண்டும். காஸ் எந்திரமானால் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. எண்ணெய் பட்ட துணியை உள்ளே போடக்கூடாது. வீட்டில் ஆள் இல்லாதபோதும், எல்லோரும் தூங்கும்போதும் எந்திரத்தை ஓடவிடக்கூடாது.

ஒரு பிடி பஞ்சை எடுத்து எறிய அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் ஒரு குடும்பத்தையே காக்கும்.