பாரன் தீவின் நெருப்புக் கணக்கு

நம் செட்டிநாட்டார் கொண்டுவிற்கக் கப்பலேறிப் போன ரங்கூனுக்குத் தெற்கே, அந்தமான் கடலில் இருக்கிறது பாரன் தீவு. இந்திய மண்ணில் இன்றும் நெருப்புக் கக்கும் எரிமலை இது ஒன்றுதான். போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். மனிதக் குடியிருப்பே கிடையாது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்த மலை 1991-இல் மறுபடி குமுறியது. எரிகுழம்பு கடல்வரை ஓடி இறங்கியது.

ஓடிய குழம்பு எவ்வளவு என்று எப்படி அளப்பது? கண்மாய்க்கு வரத்து பார்க்கிறோமே, அதே வழிதான். நேற்றுத் தண்ணீர் எந்தப் படியில் நின்றது, இன்று எந்தப் படி மூழ்கியது என்று பார்த்தால் வரத்து தெரிந்துவிடும். இங்கே புதுக்குழம்பு மூடிய பரப்பைத் தடிமனால் பெருக்கி, ஓடிய நாட்களால் வகுக்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் சராசரியாக 5 மீட்டர் படிந்தால், மொத்தக் குழம்பு 50 லட்சம் கனமீட்டர்!

கிட்டே நெருங்க முடியாத நாட்களில் செயற்கைக்கோள் கைகொடுக்கிறது. குழம்பு வீசும் அகச்சிவப்பு வெப்பத்தை அளந்து, அன்றாட வரத்தைக் கணிக்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு. ஆறும் வெல்லப்பாகின் மேல் ஏடு கட்டுவதுபோல், குழம்பின் மேல் கறுத்த தோல் படிந்துவிடும். உள்ளே தகதகவென்று ஓடும் நெருப்பு வெளியே தெரியாது. மழைக்கால மேகமும் மறைக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினம், கடலுக்குள் விழுந்த பங்கு. அதற்குக் கப்பலில் போய், ஒலியலை அனுப்பிக் கடலடியைத் தடவிப் பார்க்கவேண்டும்.