தூத்துக்குடி மக்ரூன்

தூத்துக்குடி மக்ரூன் என்பது முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்று பொருட்களைக் கொண்டு, தமிழ்நாட்டின் தூத்துக்குடி நகர பேக்கரிகளில் செய்யப்படும் உலர் இனிப்பு ஆகும். அடி அகன்று நுனி கூம்பிய வடிவும், வெண்மை அல்லது வெளிர்மஞ்சள் நிறமும் கொண்டது. வாயில் இட்டவுடன் கரையும். முந்திரித் துணுக்குகள் கடைசியில் பல்லில் படும். பேக்கரிப் பண்டமாக இருந்தும் இதில் கோதுமை மாவு, வெண்ணெய், ஈஸ்ட் எதுவும் சேர்வதில்லை.

மக்ரூன் என்ற பெயரில் உலகில் வேறு பண்டங்களும் உள்ளன. இரண்டு வண்ண வில்லைகளுக்கு நடுவே களிம்பு வைத்த பிரெஞ்சு மக்கரோன் வேறு. தேங்காய்த் துருவலில் செய்யப்படும் மக்ரூன் வேறு. இவை அனைத்துக்கும் முன்னோடி, பாதாம் பருப்பைப் பொடித்து வெள்ளைக்கருவுடன் சேர்த்துச் சுடும் பழைய ஐரோப்பிய இனிப்பாகும். அதன் உறவுகள் ஐரோப்பா முழுதும் பரவியுள்ளன. டென்மார்க்கிலும் நார்வேயிலும் விழா நாட்களில் வளையங்களை அடுக்கிக் கோபுரம் போல் செய்யும் கிரான்சகேக் பாதாம், சர்க்கரை, வெள்ளைக்கரு ஆகியவற்றால் ஆனது. கோபன்ஹேகன் பேக்கரி ஒன்றில் அதைச் சுவைக்கும் தூத்துக்குடிக்காரருக்கு அது முற்றிலும் அன்னியமாகத் தோன்றாது.

தோற்றம்

மக்ரூனைப் போர்த்துக்கீசர் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தனர் என்று பரவலாகக் கூறப்படுகின்றது. இக்கூற்றை அப்படியே ஏற்பது கடினம். போர்த்துக்கீசர் 1530களில் முத்துக்குளித்துறைக்கு வந்தனர். 1658 இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியை அவர்களிடமிருந்து கைப்பற்றினர். 1825 இல் நகரம் முடிவாக ஆங்கிலேயர் வசமானது. இன்று மக்ரூனுக்குப் பெயர்பெற்ற கடைகளோ 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இடையில் கிடப்பது ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளி.

பெயரே ஒரு சான்று. இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சில் 'மக்கரோன்' ஆகி, ஆங்கிலத்தில் 'மக்ரூன்' என்று திரிந்தது. தூத்துக்குடியில் வழங்குவது ஆங்கில ஒலிப்பே. சன்னல், அலமாரி, சாவி, மேசை போன்ற போர்த்துக்கீசச் சொற்கள் தமிழர் வீடுகளில் நிலைத்துவிட்டன. ஈழத் தமிழில் ரொட்டியைக் குறிக்கும் 'பாண்' என்பதும் போர்த்துக்கீசமே. ஆனால் தூத்துக்குடியின் பேக்கரி, பிஸ்கட், கேக், பன் என்னும் சொற்கள் யாவும் ஆங்கிலம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் நூல்களிலும் பாதாம் மக்ரூன் இடம்பெற்றுள்ளது. எனவே இப்பண்டம் ஆங்கிலேயர் கால பேக்கரித் தொழிலின் வழி வந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

அக்காலத்தில் தூத்துக்குடி ஒரு கடல்வழிச் சந்திப்பு. 1876 இல் இருப்புப்பாதை வந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இங்கு வந்தே நீராவிக் கப்பல் ஏறினர். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் போட்டியிட்டது இந்த வழியில்தான்.

போர்த்துக்கீசருக்கு இதில் பங்கே இல்லை என்பதல்ல. பிரேசில் நாட்டு முந்திரியை 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொணர்ந்தவர்கள் அவர்களே. பாதாம் இங்கு விளைவதில்லை. முந்திரியோ கொல்லம், கன்னியாகுமரிப் பகுதிகளில் உடைத்துப் பதப்படுத்தப்படுவது. தென்மாவட்டங்களில் அண்டிப்பருப்பு என்று வழங்கும் அது பாதாமின் இடத்தைப் பிடித்ததும், பழைய ஐரோப்பிய இனிப்பு ஓர் ஊர்ப் பண்டமாயிற்று.

செய்முறை

வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர். எஞ்சியது பெரும்பாலும் புரதம். அடிக்கும்போது புரத மூலக்கூறுகள் மடிப்புக் குலைந்து, காற்றுக்குமிழிகளைச் சுற்றி வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. இவ்வாறு அது ஆறு முதல் எட்டு மடங்கு வரை பொங்கும். கொழுப்பு இந்த வலையைக் கெடுக்கும். ஆதலால் மஞ்சள்கரு ஒரு சொட்டுக் கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை சரியாக எழும்பாது. சீனியைத் தொடக்கத்திலேயே கொட்டினால் நுரைப்பது தாமதமாகும். சிறிது சிறிதாகச் சேர்த்தால் அது குமிழிச் சுவரைத் தடிப்பாக்கித் தாங்கி நிற்கும்.

சிக்கலான கட்டம் முந்திரி சேர்ப்பதாகும். முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு உள்ளது. அதை விழுதாக அரைத்தால் எண்ணெய் வெளிப்பட்டு நுரை அமர்ந்துவிடும். ஆகவே கொரகொரப்பாகப் பொடித்து, கடைசியில், நுரை உடையாதபடி மெல்லப் புரட்டிக் கலக்க வேண்டும். அடிப்பதற்கு இயந்திரம் வந்துவிட்ட போதிலும், இங்கு கைப்பக்குவம் தேவைப்படுகின்றது. பின்னர் கலவை கூம்புப் பையிலிருந்து தட்டில் பிழியப்படும். நுனி கூம்புவது அதனாலேயே.

மக்ரூன் வேக வைக்கப்படுவதைவிட உலர்த்தப்படுகின்றது என்பதே சரி. சூடு மிகுந்தால் மேற்புறம் பழுப்பாகி உள்ளே ஈரம் தங்கிவிடும். ஆகையால் மென்சூட்டில் நெடுநேரம் விடுகின்றனர். நீர் நீங்கிவிடுவதால் நாட்பட இருக்கும். ஆனால் சீனி காற்றின் ஈரத்தை ஈர்க்கும். தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் மூடி திறந்த மக்ரூன் விரைவில் பிசுபிசுத்துப் போகும். ஆறியவுடன் காற்றுப் புகாமல் கட்டுவது இதனாலேயே.

விலையை நிர்ணயிப்பது முந்திரியின் அளவே. முந்திரி குறைந்தால் வெறும் சீனிப் பொருக்காகிவிடும். நிலக்கடலை கலந்து செய்வதும் உண்டு. நல்ல மக்ரூனை உடைத்துப் பார்த்தால் உள்ளே நுண்துளைகளும் இடையிடையே பருப்புத் துணுக்குகளும் தெரியும். முட்டை சேர்வதால் இந்திய உணவு விதிகளின்படி இது அசைவ வகையைச் சேர்ந்தது; சைவ உணவினர் வாங்குமுன் இதை அறிந்திருத்தல் நலம்.

நகரில்

கணேஷ், தனலட்சுமி, ஞானம் ஆகியன மக்ரூனுக்கு அறியப்பட்ட பேக்கரிகள். மில்லர்புரம் போன்ற குடியிருப்புப் பகுதிகளிலும் விருந்தினருக்குத் தேநீருடன் தட்டில் வைக்கும் பண்டம் இது. ஆயினும் இதன் கடும் இனிப்புக்குச் சீனி குறைத்த வடிகட்டிய காப்பியே ஏற்ற துணை என்று சொல்லலாம். சென்னைக்குச் செல்லும் முத்துநகர் விரைவுவண்டியில் மக்ரூன் பொட்டலம் இல்லாத பெட்டியைக் காண்பது அரிது. பயணத்தில் கொண்டு செல்வோர் பையின் அடியில் வைக்காதிருப்பது நல்லது; அழுத்தினால் பொடிந்துவிடும்.