கண்ணால் காண இயலாத சூரியனின் முகம்

புதுதில்லி: நாள்தோறும் தலைக்கு மேல் நின்றும் எவராலும் உற்றுப் பார்க்க முடியாதது சூரியன். பிகாரின் கங்கைக் கரையிலும் தில்லியின் யமுனைக் கரையிலும் சட் பூஜையின்போது நீரில் நின்று அர்க்கியம் விடுவோர் காண்பதெல்லாம் அடிவானத்தில் சிவந்து நிற்கும் ஒரு வட்டத்தையே. அந்த வட்டத்துக்குள் என்ன நிகழ்கிறது என்பதை மிக அருகிலிருந்து எடுத்ததுபோல் காட்டும் படங்கள் வெளியாகும் போதெல்லாம், விஞ்ஞானத்தில் நாட்டமில்லாதவர்களும் அவற்றைச் சற்று நேரம் நின்று பார்க்கின்றனர்.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளிலுள்ள இனோயே தொலைநோக்கி வெளியிட்ட படம் அத்தகையது. முதன்முறை காண்பவருக்கு அது கடலை மிட்டாயை நினைவூட்டும். பொன்னிறத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அக்குமிழிகள் ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ தில்லிக்கும் மும்பைக்கும் இடைப்பட்ட தொலைவு. ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கொதிக்கும் வாயு நடுவே மேலெழும்பி, குளிர்ந்து, ஓரங்களில் உள்ளிறங்குகிறது. சில நிமிடங்களில் ஒரு குமிழி மறைந்து மற்றொன்று தோன்றுகிறது. அடுப்பில் கொதிக்கும் உலையை மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற காட்சி இது.

இப்படங்கள் சூரியனுக்கு அருகே சென்று எடுக்கப்பட்டவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 2023 செப்டம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6-ம் தேதி தனக்குரிய இடத்தை அடைந்தது. பூமியிலிருந்து அதன் தொலைவு 15 லட்சம் கி.மீ. சூரியனோ 15 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. அதாவது நூற்றில் ஒரு பங்கு தூரமே அது சென்றுள்ளது. மாறாக, 2024 டிசம்பர் 24-ம் தேதி சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. வரை நெருங்கிய அமெரிக்காவின் பார்க்கர் விண்கலம், சூரியனின் முகத்தைப் படமெடுக்கவில்லை. வெப்பக் கேடயத்தின் பின்னே ஒளிந்துகொண்டு, பக்கவாட்டில் வெளியேறும் சூரியக் காற்றையே அதன் கேமரா பதிவு செய்கிறது.

ஆதித்யா அவ்வளவு தூரம் சென்றதற்கு வேறு காரணம் உண்டு. அங்கு இரவும் இல்லை, கிரகணமும் குறுக்கிடுவதில்லை. காற்று மண்டலத்தின் தடையும் இல்லை. புணேயிலுள்ள ஐயூகா மையத்தில் உருவாக்கப்பட்ட அதன் 'சூட்' தொலைநோக்கி, 11 வடிகட்டிகள் மூலம் புற ஊதாக் கதிர்களில் சூரியனைப் பார்க்கிறது. இக்கதிர்களில் தீங்கான பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், தரையில் எவ்வளவு பெரிய கருவியை நிறுவினாலும் இக்காட்சி கிட்டாது. முதல் முழுவட்டப் படங்களை இஸ்ரோ 2023 டிசம்பர் 8-ம் தேதி வெளியிட்டது.

அப்படங்களின் நிறத்தை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. புற ஊதாக் கதிருக்கு மனிதக் கண் அறிந்த நிறம் ஏதும் இல்லை. பார்ப்பவர் வேறுபடுத்தி அறிவதற்காக விஞ்ஞானிகள் சேர்ப்பவையே அந்த வண்ணங்கள். விண்வெளியிலிருந்து பார்த்தால் சூரியன் வெண்மையானது. எனினும் படத்திலுள்ள ஒவ்வொரு கோடும் புள்ளியும் மெய்யானவை. கரும்புள்ளியும் உண்மையில் கருமையானதன்று. சுற்றுப்புறத்தைவிட வெப்பம் சற்றுக் குறைந்திருப்பதால் அவ்வாறு தோன்றுகிறது. தனியே பெயர்த்து வானில் வைத்தால் முழுநிலவைவிடப் பிரகாசமாக ஒளிரும்.

ஏரி நடுவே ஆய்வகம்

தரையிலிருந்து படமெடுப்பவர்களின் பெரும் எதிரி, வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று. தார்ச்சாலையில் கானல் அசைவதுபோல, சூரியனின் பிம்பமும் அக்காற்றில் நடுங்கும். இதற்கு ராஜஸ்தானின் உதயப்பூரில் எளிய வழி கண்டனர். வானியலாளர் அரவிந்த் பட்நாகரின் முயற்சியால், பதேசாகர் ஏரியின் நடுவேயுள்ள சிறு தீவில் 1975-ம் ஆண்டு சூரிய ஆய்வகம் அமைக்கப்பட்டது. நிலம்போல் நீர் விரைவில் சூடாவதில்லை என்பதால் அங்கு காற்று ஓரளவு அமைதியாக இருக்கும். பாலைவன மாநிலத்தில் சூரியனைப் பார்க்க நீரின் துணையை நாட வேண்டியிருந்தது ஒரு விந்தை. ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ் இயங்கும் இங்கு, 50 செ.மீ. தொலைநோக்கி ஒன்று 2015 முதல் செயல்படுகிறது. ஏரியில் படகு விடும் சுற்றுலாப் பயணிகளில் பலர் அதை ஏதோ அரண்மனை என்றே கருதிக் கடந்துபோகக்கூடும்.

அழகைக் காண்பது மட்டுமே இவற்றின் நோக்கமன்று. 1989 மார்ச்சில் சூரியனிலிருந்து கிளம்பிய புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் மக்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2024 மே மாதம் பூமியைப்போல் சுமார் 15 மடங்கு அகலமான கரும்புள்ளித் தொகுதி ஒன்று சூரியனில் தோன்றியது. அதிலிருந்து அடுத்தடுத்து வெடித்தவற்றால், மே 10-ம் தேதி இரவு லடாக்கின் ஹன்லே வானில் செந்நிறத் துருவ ஒளி படர்ந்தது. அந்த இரு நாள்களில் 'சூட்' தொலைநோக்கி சீரமைப்புப் பணியில் இருந்ததால் அதைப் படமெடுக்க இயலவில்லை. விண்கலத்தின் வேறு கருவிகளே அப்புயலை அளந்தன. ஆனால் அவ்வாண்டு பிப்ரவரி 22-ம் தேதி வெடித்த ஆற்றல் மிக்க சூரியச் சுவாலையை 'சூட்' தவறவிடவில்லை.

தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை எச்சரிக்கை என அனைத்தும் செயற்கைக்கோள்களை நம்பியிருக்கும் நாட்டுக்கு, அடுத்த வெடிப்பு எப்போது, எத்திசையில் என்பது பெரும் கேள்வி. அதற்கு ஒரு நாள் படம் விடை தராது. தொடர்ச்சியான பதிவு வேண்டும். கவர்ச்சியான படங்களுக்குக் கிடைக்கும் கவனம், நாள்தோறும் அலுக்காமல் எடுக்கப்படும் சாதாரணப் படங்களுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆர்வமுள்ளவர்கள் ஒன்றை மறக்கலாகாது. உரிய வடிகட்டி பொருத்தாத தொலைநோக்கி அல்லது பைனாகுலர் வழியே சூரியனை நோக்கினால், நொடிப்பொழுதில் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

அத்தகைய தொடர்பதிவில் உலகின் மிகப் பழைய கருவூலங்களுள் ஒன்று இந்தியாவில்தான் உள்ளது. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட படங்களை, கண்ணாடித் தகடுகளிலிருந்தும் பிலிம்களிலிருந்தும் கணினிக்கு மாற்றியுள்ளது பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். சூரியனின் 11 ஆண்டு ஏற்ற இறக்கத்தை ஆராயும் பல நாட்டு விஞ்ஞானிகள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். மேகம் விலகியிருக்கும் நாள்களில் அங்கு இன்றும் படமெடுப்பு தொடர்கிறது.