வில்லங்கம் பார்த்தீர்களா?

நம் ஊரில் அரைக் காணி நிலம் வாங்குவதென்றாலும் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம்! மூலப் பத்திரத்தைக் கேட்கிறோம். வில்லங்க சர்ட்டிபிகேட் எடுக்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று விசாரிக்கிறோம். அடுத்த வயற்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம். அந்நிய தேசத்தில் வீடு வாங்கப் புறப்படும்போது மட்டும், கடலோரக் காட்சியின் வர்ணப் படத்தைக் கண்ட மாத்திரத்தில் இந்த ஜாக்கிரதையெல்லாம் பறந்து போய்விடுகிறது. அதன் பலன் என்ன என்பதை மத்தியதரைக் கடலிலுள்ள ஸைப்ரஸ் தீவில் பார்க்கலாம்.

1974-ஆம் வருஷம் துருக்கிச் சைன்யம் அத்தீவில் இறங்கி வட பாகத்தைக் கைப்பற்றிற்று. அங்கே வாழ்ந்த கிரேக்க ஸைப்ரஸ் மக்கள் லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலைத் துறந்து தெற்கே ஓடினர். 1983-இல் வட பாகம் தனி நாடென்று பிரகடனம் செய்துகொண்டது. துருக்கியைத் தவிர வேறெந்தத் தேசமும் அதை அங்கீகரிக்கவில்லை. ஓடிப்போனவர்களின் நிலங்களுக்கு அங்குள்ள அதிகாரிகள் புதுப் பத்திரம் வழங்கினர். அந்நிலங்கள் பின்னர் அந்நியர்களுக்கும் விற்பனையாயின.

2002-இல் ஓர் ஆங்கிலத் தம்பதி லபித்தோஸ் என்னும் ஊரில் அத்தகைய மனை ஒன்றை வாங்கி, வீடும் நீச்சல் குளமும் அமைத்துக்கொண்டனர். மறு வருஷம் எல்லை திறந்தது. பழைய சொந்தக்காரர் தெற்கேயுள்ள கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். வீட்டை இடித்து நிலத்தை ஒப்படைத்து நஷ்ட ஈடும் கொடுக்கவேண்டுமென்று 2004-இல் தீர்ப்பாயிற்று. அந்தக் கோர்ட்டின் அமீனா வடக்கே கால் வைக்க முடியாதே என்று தோன்றலாம். ஆனால் தீர்ப்பு இங்கிலாந்துக்கே போய்ச் சேர்ந்தது. அதை அங்கே ஏற்கத்தான் வேண்டுமென்று 2009-இல் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் கூறியது. 2010-இல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டும் அவ்வாறே முடிவு செய்தது. அந்நிய மண்ணில் வாங்கிய வில்லங்கம், தாய்நாட்டுச் சொத்தின்மீதும் கை வைக்க வந்துவிட்டது!

தெற்கே உலகம் ஒப்பிய சர்க்கார் உண்டே எனலாம். அங்கு வந்த வில்லங்கம் வேறு வகை. கட்டடக் கம்பெனிகள் பல, நிலத்தைப் பாங்கியில் அடமானம் வைத்திருந்தன. முழுக் கிரயமும் செலுத்தியவர்கள் பத்திரமின்றித் தவித்தனர். அவர்களுக்காக 2015-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2011-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, கிரய ஒப்பந்தத்தை நிலப் பதிவு ஆபீஸில் தாக்கல் செய்து வைத்தால், பின்னால் ஏற்படும் கடன்களிலிருந்து வாங்கினவருக்குப் பாதுகாப்பு உண்டு. முன்னரே இருக்கும் அடமானத்தை அது போக்காது.

ஆகவே, கடல் கடந்து வீடு வாங்குவோர் செய்யவேண்டியவை சிலவே. விற்பவரோ தரகரோ காட்டும் வக்கீலை விட்டு, நமக்கென்று தனி வக்கீலை அமர்த்தவேண்டும். இன்றைய பத்திரத்தோடு நில்லாமல், அதற்கு முன் நிலம் யாருடையது, அவர் மனமுவந்து விற்றாரா என்று கேட்கவேண்டும். அடமானம் இருந்தால், பாங்கியின் விடுதலைக் கடிதம் கைக்கு வருமுன் அச்சாரம் கொடுக்கலாகாது. தெரியாத பாஷையிலுள்ள ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துப் படிக்காமல் கையெழுத்திடலாகாது.

மலிவாகக் கிடைக்கிறதென்றால், ஏன் மலிவு என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும். பிறன் பறிகொடுத்த மண்ணுக்கு எத்தனை முத்திரை குத்தினாலும், அவன் உரிமை அழிந்துவிடுவதில்லை.