பறிக்கும் கைகளுக்கு வைத்தியம்

நம் சங்கங்களில் தக்காளியும் மிளகாயும் பயிரிடும் அங்கத்தினர் பலர் உளர். அவர்களுக்கு ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள அல்மேரியா என்னும் ஜில்லாவைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம். மழை மிகக் குறைந்த வறண்ட பூமி அது. அங்குள்ள குடியானவர்கள் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் எருவிட்டு, எருவின்மேல் மணலைப் போர்த்திப் பயிர் செய்யும் முறையொன்றைக் கைக்கொண்டனர். மணல் ஈரத்தைக் காத்துக் கொடுத்தது. பின்னர் அதற்கு மேலே பிளாஸ்டிக் கூரையும் வந்தது. இன்று அக்கூரைகளின் கீழ் 30,000 ஹெக்டேருக்கு மேல் சாகுபடி நடைபெறுகின்றது. வடக்கே ஐரோப்பா பனியில் உறைந்து கிடக்கும் மாதங்களில் அங்குள்ள கடைகளை நிரப்பும் தக்காளியும் வெள்ளரியும் குடைமிளகாயும் இங்கிருந்து செல்பவை. விளைச்சலில் கணிசமான பங்கைக் கூட்டுறவுச் சங்கங்களே தரம் பிரித்துச் சிப்பமிட்டு விற்கின்றன.

சங்கத்தின் அங்கத்தினர் பண்ணைக்குச் சொந்தக்காரர். செடிக்குச் செடி குனிந்து பறிப்பவர் பெரும்பாலும் மொராக்கோவிலிருந்தும் செனகல், மாலி முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்த கூலியாளர். அவர்களுள் குடியிருப்பு அனுமதிப் பத்திரம் இல்லாதவர் அநேகர். கோடையில் பிளாஸ்டிக்கின் அடியிலுள்ள வெக்கையையும் பூச்சிமருந்தின் நெடியையும் பத்திரம் உடையவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லோருமே அநுபவிக்கின்றனர். நோயுற்றால் என்ன செய்வது என்பதில்தான் வேற்றுமை தோன்றிற்று.

தொடக்கத்தில் ஸ்பெயின் பெருந்தன்மையாகவே நடந்து கொண்டது. 2000-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டப்படி, அந்நியர் ஒருவர் தாம் வசிக்கும் ஊரின் நகரசபைப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்து கொண்டால் போதும். அனுமதிப் பத்திரம் இல்லாவிடினும் ஸ்பெயின் பிரஜைக்குரிய வைத்திய வசதி அவருக்கும் உண்டு. பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த 2012 ஏப்ரலில் அவ்வரசாங்கம் ஓர் அவசரச் சட்டத்தால் இவ்வுரிமையை நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, பத்திரமற்ற வயது வந்தோரின் வைத்திய அட்டைகள் செல்லாதனவாயின. அவசர சிகிச்சை, கர்ப்பம், பிரசவம், பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தனர்.

அவசர சிகிச்சை உண்டே, அது போதாதா என்று நம் வாசகர் சிலர் கேட்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். நீரிழிவு நோயாளிக்கு வேண்டுவது அன்றாடம் இன்சுலின். அதற்கு வழியில்லை. அது கிடைக்காமல் அவர் நினைவிழந்து விழுந்த பிறகு அவசர சிகிச்சை கிடைக்கும். செலவும் பன்மடங்கு ஆகும். வாய்க்காலில் சிறு உடைப்பு ஏற்பட்டபோது மண்வெட்டி எடுக்க அனுமதியில்லை, கரை முழுவதும் சரிந்த பின்னர் ஆள் அனுப்புகிறோம் என்பது எத்தகைய சிக்கனமோ நமக்கு விளங்கவில்லை. 2013-இல் மாதத்துக்கு 60 யூரோ செலுத்துவோருக்கு வைத்தியம் என்று ஒரு திட்டமும் வகுத்தனர். அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்குக் கட்டணம் 157 யூரோ. நாட்கூலிக்காரர் எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கும்!

வரி கட்டாதவருக்கு வைத்தியம் ஏன் என்பது மற்றொரு வாதம். அந்நாட்டுப் பொது வைத்தியச் செலவு பெரும்பாலும் பொது வரிப் பணத்திலிருந்தே நடைபெறுகின்றது. பத்திரமற்றவர் ஒரு சட்டை வாங்கினாலும் அதன் விலையில் வரியைச் சேர்த்தே கொடுக்கிறார். பிற ஐரோப்பிய நாடுகளிடமிருந்து வசூலிக்க வேண்டிய சிகிச்சைத் தொகை வசூலாகவில்லை என்பதையும் அரசாங்கம் ஒரு காரணமாகக் காட்டிற்று. அந்தப் பாக்கிக்கும் தக்காளி பறிக்கும் ஆளுக்கும் என்ன சம்பந்தம்?

இச்சட்டத்துக்கு எல்லோரும் தலைவணங்கி விடவில்லை. நூற்றுக்கணக்கான டாக்டர்கள், தம் மனச்சாட்சி இடந்தராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையபடியே நோயாளிகளைப் பார்த்தனர். அல்மேரியா அடங்கிய அண்டலூசியா பிராந்திய அரசாங்கம் தனி ஏற்பாடு செய்து ஆஸ்பத்திரிக் கதவுகளைத் திறந்தே வைத்தது. பாஸ்க் பிராந்தியமும் அவ்வாறே செய்ய முனைந்து வழக்கைச் சந்தித்தது. 2012 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், வழக்கு முடியுமுன் இடைக்கால ஏற்பாட்டை ஆராய்ந்தபோது, மக்களின் உடல்நலம் அரசாங்கம் சொல்லும் பண மிச்சத்தைவிட முக்கியமானது எனக் கருதியது. ஆயினும் 2016-இல் அதே நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்து விட்டது.

இதன் விளைவு என்ன? பார்செலோனாவைச் சேர்ந்த பொருளியல் அறிஞர்கள் மரணப் பதிவேடுகளை ஆராய்ந்து, முதல் மூன்றாண்டுகளில் பத்திரமற்றோரின் மரண விகிதம் சுமார் 15 சதவீதம் கூடிற்று என்று கணக்கிட்டுள்ளனர். காசநோய் போன்ற தொற்று நோய்கள் பத்திரம் கேட்டுப் பரவுவதில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவர்க்கும் வைத்தியத்தை மறுக்கலாகாது என்று ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு 2000-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது.

2018 ஜூலையில் புதிய அரசாங்கம் பழைய உரிமையை மீண்டும் வழங்கியது. அதிலும் ஒரு முடிச்சு விழுந்தது. வந்து தொண்ணூறு நாள் ஆகாதவருக்குத் தனி அறிக்கை வேண்டும் என்ற விதியைப் பிராந்தியங்கள் தத்தமக்குத் தோன்றியவாறு பொருள் கொண்டன. தங்கியிருந்த நாட்களுக்குச் சான்று கேட்டால், நகரசபைப் பதிவேடுதான் எளிய சான்று. பதிவேட்டில் பெயர் ஏற முகவரி வேண்டும். அல்மேரியாவின் நிஹார் பகுதியில், பழைய பலகைகளாலும் பண்ணைகள் கழித்த பிளாஸ்டிக் துண்டுகளாலும் கட்டிய குடிசைகளில் கூலியாளர் வசிக்கின்றனர். அத்தகைய குடியிருப்பொன்றை 2023 ஜனவரியில் இயந்திரங்களைக் கொண்டு இடித்துத் தள்ளினர். குடிசை நின்றபோதே அதைக் காட்டி முகவரி பெறுவது அரிதாயிருந்தது.