கிழக்குக் கரையில் காலை, மேற்குக் கரையில் மாலை
மும்பையை ஒரே நாளில் குடும்பமாகக் காண ஓர் ஆயத்தம்



மும்பையில் பதினைந்து ஆண்டுகளாக வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றில், "கேட்வே ஆப் இந்தியாவைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தகப்பனார் வேலை நிமித்தமாக ஒருமுறை அவ்வழியே போயிருப்பார். தாயார் தொலைக்காட்சியில் கண்டிருப்பார். பிள்ளைகளோ பாடப்புத்தகத்தில் மாத்திரம் பார்த்திருப்பார்கள். தாராவியிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் குடியிருக்கும் அநேகருடைய நிலை இதுதான். பிழைப்புக்காக வந்த நகரத்தில், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியை மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். ஊரிலிருந்து வயதான பெற்றோர் வந்து பத்து நாள் தங்கும்போதுதான், இவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்ற நினைவு வருகிறது. அப்போதும் நம் கையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளை நானும் ஒருமுறை வீணாக்கியிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தகப்பனார் வந்திருந்தார். எட்டு இடங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துப் புறப்பட்டோம். ஜுஹு கடற்கரையில் தொடங்கி, போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து, உச்சிவெயிலில் கேட்வேயை அடைந்தோம். எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது அங்கே போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. களைத்துப்போன தகப்பனார் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார். ஊர் திரும்பியபின், பம்பாய் எப்படியிருந்தது என்று கேட்டவர்களிடம், "டாக்ஸி ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்தேன்" என்றாராம். அடுத்த முறை நன்றாகக் காட்டலாம் என்று இருந்தோம். அந்த அடுத்த முறை வரவேயில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தாயாரை அழைத்துச் சென்றபோது, கற்றுக்கொண்ட பாடத்தைக் கைக்கொண்டோம். அது இதுதான்: இடங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்; குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய கால்களை அளவுகோலாக வைத்துத் திட்டமிடுங்கள்.

தென் மும்பை அதற்கு ஏற்ற இடம். அது கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். கிழக்குக் கரையிலுள்ள கேட்வேக்கும் மேற்குக் கரையிலுள்ள மெரைன் டிரைவுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். இந்தச் சிறு பரப்புக்குள்ளேயே ஒரு நாளுக்குப் போதுமான காட்சிகள் உண்டு.

எந்த நாள், எந்த வழி?

ஞாயிறு ஆராதனைக்குரிய நாள். அது போக, ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புப் பணிக்காக 'மெகா பிளாக்' அறிவித்து, பகல் நேரத்தில் பல உள்ளூர் ரயில்களை நிறுத்திவிடுவதும் வழக்கம். அரசு விடுமுறை நாட்களில் அருங்காட்சியகம் மூடியிருக்கக்கூடும். ஆகவே பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமையே உத்தமம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்கள் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதமானவை.

மத்திய ரயில் தடத்தில் இருப்பவர்கள், சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரை செல்லும் வண்டியில் காலை ஏழு மணிக்குள் ஏறுங்கள். தாயாரும் பெண்பிள்ளைகளும் மகளிர் பெட்டியில், மற்றவர் பொதுப்பெட்டியில் என்று பிரிந்து ஏறினாலும் கவலை வேண்டாம். அது கடைசி நிலையம். எல்லாரும் அங்கே இறங்கியே ஆகவேண்டும். மேற்குத் தடத்தார் சர்ச்கேட்டில் இறங்கி, டாக்ஸியில் டெர்மினஸுக்கு வந்து சேரலாம்.

ரயில் நெரிசலுக்கு அஞ்சும் முதியோர் இருந்தால், ஆரே முதல் கஃப் பரேடு வரை செல்லும் சுரங்க மெட்ரோ 2025 அக்டோபரிலிருந்து முழுமையாக ஓடுகிறது. தாராவியிலும் டெர்மினஸிலும் சர்ச்கேட்டிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. நகரும் படிக்கட்டைக் கண்டு தயங்குகிறவர்களுக்கு மின்தூக்கியும் இருக்கிறது.

காலை: கிழக்குக் கரை

தினந்தோறும் டெர்மினஸில் இறங்கி ஓடுகிறவர்கள், அன்றைக்கு வெளியே வந்து, சாலைக்கு மறுபுறம் நின்று அண்ணாந்து பாருங்கள். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1878இல் தொடங்கி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கட்டப்பட்டது இந்த நிலையம். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வாயில் தூண்களின்மேல் சிங்கம் ஒன்றும் புலி ஒன்றும் அமர்ந்திருக்கும். சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிக்கும். யார் முதலில் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தெற்கே பரிசுத்த தோமா பேராலயம். 1676இல் அஸ்திவாரம் போட்டு, பல்லாண்டுகள் பாதியிலேயே நின்று, 1718ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்ட ஆலயம் இது. அக்காலத்தில் பம்பாய் கோட்டை மதிலுக்குள் இருந்தது. இந்த ஆலயத்தை நோக்கி அமைந்த கோட்டை வாயிலுக்குச் 'சர்ச் கேட்' என்று பெயர். மதில் 1860களில் இடிக்கப்பட்டது. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் நிலைத்துவிட்டது. அருகிலுள்ள வட்டப் பூங்கா, ஆங்கிலேயராயிருந்தும் இந்தியர் பக்கம் நின்று எழுதியதால் 1919இல் நாடு கடத்தப்பட்ட பத்திரிகையாசிரியர் பெஞ்சமின் ஹார்னிமனின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இனி டாக்ஸியில் கேட்வேக்குச் செல்லுங்கள். பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோ ஓடாது என்பதை ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்பதரை மணிக்குள் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. பை சோதனைக்குச் சற்று நேரம் ஆகலாம்.

1911 டிசம்பரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இந்தக் கரையில் இறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்டது கேட்வே. அவர் வந்தபோது இந்தக் கற்கட்டடம் இல்லை. அதைக் கட்டி முடிக்க 1924 ஆயிற்று. 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு இதே வாயில் வழியாகத்தான் கப்பலேறியது. அரசனை வரவேற்றதற்காகக் கட்டிய வாசல், இருபத்துநான்கே ஆண்டுகளில் பிரிட்டிஷ் படையை வழியனுப்பும் வாசலாயிற்று. சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் உண்டோ?

எதிரே 1903இல் திறக்கப்பட்ட தாஜ் ஓட்டல் நிற்கிறது. எலிஃபண்டாவுக்குப் படகில் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம். அங்கே ஏற வேண்டிய படிகளும் நூற்றுக்கு மேல். அதை வேறொரு நாளுக்கென்று விட்டுவிடுங்கள்.

நண்பகல்: வெயிலுக்கு ஒரு கூரை

கேட்வேயிலிருந்து பத்து நிமிட நடையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம். இதையும் கேட்வேயையும் வடிவமைத்தவர் ஜார்ஜ் விட்டெட் என்ற ஒரே கலைஞர். 1905இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1922இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வெயில் ஏறும் நேரத்தை இங்கே கழிப்பதே ஞானம். கழிப்பறை வசதியும் உண்டு. பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பறவைகளும் பிள்ளைகளைக் கட்டிப்போடும். பெரியவர்கள் அசீரியக் கற்பலகைகளைத் தவறவிடாதீர்கள். நாம் வேதத்தில் வாசிக்கிற அசீரிய ராஜ்யத்தின் அரண்மனைச் சுவர்களை அலங்கரித்த சிற்பங்கள் அவை. எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட முயலாமல், மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. கோட்டைப் பகுதி அலுவலகங்கள் நிறைந்தது. விடுமுறையன்று அங்குள்ள சிற்றுண்டிக் கடைகள் பல அடைத்திருக்கும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டால், பட்டினி கிடக்கும் அவதியும் இல்லை, பணமும் மிச்சம். சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது இளைப்பாறுங்கள். திட்டத்தில் இந்த ஓய்வையும் ஓர் 'இடமாக' எழுதிக்கொள்வது அவசியம். எங்கள் முதல் பிரயாணத்தின் தாளில் எட்டு இடங்கள் இருந்தன, ஓய்வு இல்லை.

மாலை: மேற்குக் கரை

மூன்றரை மணியளவில் ஓவல் மைதானத்தை நோக்கி நடங்கள். ஒரு பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோதிக் கட்டடங்கள். எதிர்ப்பக்கம் இருபதாம் நூற்றாண்டின் 'ஆர்ட் டெகோ' குடியிருப்புகள். இவ்விரண்டு தொகுதிகளும் சேர்ந்து 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

அங்கே 280 அடி உயர்ந்து நிற்கும் கடிகாரக் கோபுரத்தை முதியவர்களுக்குக் காட்டுங்கள். பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் பொருளுதவி செய்து, தம் தாயார் ராஜாபாயின் பெயரைச் சூட்டிய கோபுரம். 1878இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்தத் தாயாருக்குக் கண் தெரியாது என்றும், பொழுது சாயுமுன் உணவருந்தும் தம் சமண நியமத்தைக் காத்துக்கொள்ள இதன் மணியோசை அவருக்கு உதவியது என்றும் சொல்வார்கள். இதைக் கேட்ட என் தாயார் வெகுநேரம் அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு மெரைன் டிரைவ். கடலோரமாக வளைந்து செல்லும் இந்தச் சாலையின் நீளம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டியதில்லை; கரைச்சுவரில் இடம் பிடித்து அமர்ந்தால் போதும். டிசம்பரில் ஆறு மணியளவில் சூரியன் மறையும். கீழே கிடக்கும் நாற்கால் கான்கிரீட் பாறைகளில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், அவை வழுக்கும். மழைக்காலப் பேரலை நேரத்தில் சுவரருகேயும் நிற்கலாகாது.

நம்மில் பலர் கிழக்குக் கடற்கரை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கடல் என்றால் சூரியன் உதிக்கும் இடம் என்றே கண்டு வளர்ந்தவர்கள். என் தாயாரும் அப்படித்தான். எழுபது வயதில் முதன்முறையாகச் சூரியன் கடலுக்குள் இறங்குவதைக் கண்டு, "காலையில் பார்த்த கடலும் இதுதானா?" என்று கேட்டார்கள். சாலை விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கும்வரை எழுந்திருக்கச் சம்மதிக்கவில்லை.

புறப்படுமுன் கவனிக்க

• பிள்ளைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். தவறிப்போனால் எங்கே நிற்பது என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்லுங்கள்.
• முதியோரின் அன்றாட மாத்திரைகள், குடிநீர், குடை ஆகியவற்றை ஒரே பையில் வைத்து ஒருவர் பொறுப்பில் கொடுங்கள்.
• புதுச் செருப்பு வேண்டாம். பழகின செருப்பே நலம்.
• டாக்ஸியில் மீட்டர்படி கட்டணம் செலுத்துங்கள், சில்லறை வைத்திருங்கள்.
• யாராவது களைத்துப்போனால், மீதி இடத்தை விட்டுவிடத் தயங்காதீர்கள்.

டெல்லியிலோ கொல்கத்தாவிலோ வசிக்கும் வாசகர்களுக்கும் முறை இதுவே: நகரத்தின் ஒரு மூலையைத் தெரிந்துகொண்டு, அதை நிதானமாகக் காணுங்கள்.

இரவு ஏழு மணிக்கு நாங்கள் வீடு திரும்ப ரயிலேறிய நிலையம் சர்ச்கேட். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் அனைவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பெயர்ப்பலகையைப் பார்த்த மகன், "பாட்டி, இது எந்தச் சர்ச்சுக்கு கேட் தெரியுமா?" என்று கேட்டான். "காலையில் பார்த்தோமே, அந்தப் பழைய கோவில்" என்று உடனே பதில் வந்தது. ஊருக்குப் போய் அவர்கள் சொன்னதும் அந்தக் கோவிலையும் கடலில் இறங்கிய சூரியனையும் பற்றியே. எட்டு இடங்களைக் காட்டியும் தகப்பனாருக்கு நான் கொடுக்காததை, ஐந்தே இடங்களில் தாயாருக்குக் கொடுக்க முடிந்தது. உங்கள் வீட்டில் பெற்றோர் வந்திருந்தால், அடுத்த முறைக்கென்று தள்ளிப்போடாதிருங்கள்.